கப்பல் காத்திருக்காது: கரீபியத் துறைகளில் சொந்த ஏற்பாட்டில் ஸ்கூபா

மயாமியிலிருந்தோ கால்வெஸ்டனிலிருந்தோ புறப்படும் சொகுசுக் கப்பல் ஒரு வாரத்தில் மூன்று, நான்கு கரீபியத் துறைகளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு துறையிலும் அது நிற்பது ஏறக்குறைய எட்டு மணி நேரம். கடற்கரையில் காலாற நடக்கவும் கடைவீதியைச் சுற்றவும் அந்த நேரம் தாராளம். ஸ்கூபா டைவிங் பழகியவருக்கு அது தாராளமில்லை. இரண்டு முறை நீரில் இறங்கி ஏற, படகு போய்வர, இடையில் உடம்பு இளைப்பாற என்று கூட்டினால் நான்கு மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்துக்குள்தான் கப்பலை விட்டு இறங்குவதும், டாக்சி பிடிப்பதும், திரும்பி ஏறுவதும் அடங்க வேண்டும்.

கடலுக்கடியைப் பார்க்க இரண்டு வழி உண்டு. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் இடம் வாங்கலாம். அல்லது தீவிலுள்ள டைவிங் கடையோடு நேரடியாகப் பேசி, சொந்தப் பொறுப்பில் போய்வரலாம். இரண்டாவது வழிதான் எப்போதும் மேல் என்று சிலர் சாதிக்கிறார்கள். கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எந்த வழி சரி என்பது துறைக்குத் துறை மாறும். அதைத் தீர்மானிப்பது பவளப்பாறையின் புகழ் அல்ல. கப்பல் நிற்கும் இடத்துக்கும் பாறைக்கும் உள்ள தூரமும், நாளின் எந்த நேரத்தில் இறங்குகிறோம் என்பதும்தான்.

கப்பல் விற்பதும் கடை விற்பதும்

கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே டைவிங் படகு ஓட்டுவதில்லை. தீவிலுள்ள ஒரு கடையோடு ஒப்பந்தம் போட்டு, அந்தக் கடையின் படகில் பயணிகளை அனுப்புகின்றன. தங்கள் பங்கையும் சேர்த்து விலை வைக்கின்றன. ஆக, எந்த வழியில் போனாலும் நீருக்குள் கூட்டிப்போவது உள்ளூர் வழிகாட்டிதான். படகில் எத்தனை பேர், யாரோடு யார், தாமதமானால் யார் பொறுப்பு என்ற மூன்றில்தான் வேறுபாடு.

கப்பல் வழியாக வரும் குழு பெரும்பாலும் பெரிது. பத்து வருஷத்துக்கு முன் கடைசியாக நீரில் இறங்கியவரும், போன மாதம் இறங்கியவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். வழிகாட்டி திறமை குறைந்தவரை மனதில் வைத்தே இடத்தையும் ஆழத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அவர் கடமை. முதலில் காற்றுத் தீர்ந்தவரோடு குழு முழுவதும் மேலே வந்துவிடுவதும் உண்டு. நேரடியாகப் பதிவு செய்தால் ஆறு முதல் பன்னிரண்டு பேர் ஏறும் சிறிய படகு கிடைக்கும். அனுபவத்தைச் சொன்னால் அதற்கேற்ற குழுவில் சேர்ப்பார்கள். தீவுக் கடைகளில் இரண்டு சிலிண்டர் டைவ் பெரும்பாலும் 100 முதல் 150 டாலருக்குள் முடியும். கிராண்ட் கேமன் தீவில் சற்றுக் கூடும். கருவி வாடகையும், பூங்காக் கட்டணமும், வழிகாட்டிக்கான டிப்ஸும் தனி.

ஆனால் கப்பலின் சுற்றுலாவில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. படகு பழுதாகித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் பயணியை அடுத்த துறைக்குக் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சொந்த ஏற்பாட்டில் போனவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சொன்ன நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சொந்தச் செலவு. இந்த உத்தரவாதத்துக்குத்தான் கப்பல் கூடுதல் விலை வாங்குகிறது. எங்கே அதை வாங்க வேண்டும், எங்கே தேவையில்லை என்பதைத் துறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

துறைகளின் கணக்கு

மெக்சிகோவின் கோசுமேல் தீவு இந்தக் கணக்குக்கு மிகவும் ஒத்துவரும் இடம். கப்பல்கள் நேரடியாகக் கரையிலேயே கட்டி நிறுத்தப்படுகின்றன. மூன்று துறைகளில் புன்டா லங்கோஸ்டா சான் மிகேல் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. மற்ற இரண்டும் தெற்கே சில நிமிட டாக்சித் தூரம். பலன்கார், சாந்தா ரோசா போன்ற பாறைகள் தீவின் தென்மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கின்றன. 1996-ல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கோசுமேலில் டைவிங் என்றால் நீரோட்டத்தோடு போவது. படகு நங்கூரம் போடாது. வழிகாட்டி கைகாட்டியதும் எல்லோரும் படகின் விளிம்பிலிருந்து முதுகுப்பக்கமாகச் சாய்ந்து ஒரே சமயத்தில் நீரில் விழ வேண்டும். ஒருவர் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு நின்றால், மற்றவர்களை நீரோட்டம் அதற்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கும். கீழே கால்களை அதிகம் அடிக்கத் தேவையில்லை. சுவரும் கடல்விசிறிகளும் கண்முன்னே நகர்ந்து போகும். மேலே படகோட்டி குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்கிறார். முடிவில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, ஆரஞ்சு நிற மிதவைக் குழாயில் காற்றை ஊதி மேலே அனுப்பினால், படகு அந்த இடத்துக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். சிறிய படகில், காற்று மிச்சமிருப்பவர் கீழே இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடிவது இந்த முறையால்தான்.

கிராண்ட் கேமன் வேறு மாதிரி. ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்களைக் கட்டி நிறுத்தும் துறையே கிடையாது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, டெண்டர் என்னும் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு ஏற்றிப்போகிறார்கள். துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே டெண்டருக்காக வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். வடமேற்குக் காற்று வீசினால் கப்பல் தெற்கே ஸ்பாட்ஸ் பக்கம் போய் ஆட்களை இறக்கும். அங்கிருந்து ஊருக்குத் தனியாக டாக்சி. கடல் மோசமாக இருந்தால் தீவையே தவிர்த்துவிட்டுப் போவதும் உண்டு.

இத்தனை தொந்தரவுக்கும் ஈடான ஒன்று அங்கே இருக்கிறது. டெண்டர் இறக்கிவிடும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஈடன் ராக், டெவில்ஸ் கிராட்டோ என்ற இரண்டு இடங்கள். கரையிலிருந்து படி வழியாகவே நீரில் இறங்கி, பாறைக் குகைகளுக்குள் நீந்தலாம். படகு பிடிக்கும் கவலை இல்லை. படகில் போக விரும்புவோருக்கு கிட்டிவேக் இருக்கிறது: அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கி மீட்புக் கப்பலாக இருந்து, 2011 ஜனவரியில் செவன் மைல் கடற்கரைக்கு எதிரே வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. நேராக நின்றிருந்த அந்தக் கப்பலை 2017-ல் ஒரு புயல் அலை பக்கவாட்டில் சாய்த்துவிட்டது. பாப் சோட்டோ 1957-ல் இந்தத் தீவில் தொடங்கிய கடையைத்தான் கரீபியத்தின் முதல் டைவிங் கடை என்று சொல்வார்கள். டைவர்களை வரவேற்றுப் பழகிய ஊர்.

பொனேரில் முழுத் தீவுமே டைவிங் களம். டான் ஸ்டூவர்ட் என்ற மாலுமி 1962-ல் அங்கே வந்து தங்கி, டைவிங்கையும் பாறைப் பாதுகாப்பையும் சேர்த்தே வளர்த்தார். 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடல், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, பூங்காவாக்கப்பட்டது. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் எழுதப்பட்ட பெயர்கள் இறங்குமிடங்களைக் காட்டும். அப்படி 80-க்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. கப்பல் தலைநகர் கிரலென்டைக்கின் நடுவிலேயே நிற்பதால் தூரம் ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் புதிதாக வருபவர் இயற்கைக் கட்டணம் செலுத்தி, விதிமுறைகளைக் கேட்டு, ஒரு சோதனை டைவ் செய்து காட்டிய பிறகே சுதந்திரமாக இறங்கலாம். எட்டு மணி நேரமே இருப்பவர் கார் எடுத்துக்கொண்டு தனியே அலைவதைவிட, இந்தச் சடங்குகளையும் சேர்த்தே நடத்தித் தரும் கடையோடு வழிகாட்டியுடன் போவது நல்லது. ஊர்த் துறையின் தூண்களுக்கிடையே இறங்குவது பொனேரின் பேர்பெற்ற அனுபவம். ஆனால் அங்கே கப்பல் நிற்கும்போது யாரையும் இறங்க விடமாட்டார்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயின் ஃபிரெடெரிக்ஸ்டெட் துறையிலும் இதே விதிதான். கப்பல் பயணிகள் இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

ஹோண்டுராஸின் ரொவாட்டான் தீவில் கப்பல்கள் காக்சன் ஹோலிலோ மஹோகனி பேயிலோ கட்டப்படுகின்றன. நல்ல கடைகள் பலவும் மேற்கு முனையான வெஸ்ட் எண்டில். டாக்சியில் போய்விடலாம், மலைச் சாலை என்பதால் கப்பல் நாட்களில் நெரிசல் இருக்கும். கிராண்ட் டர்க்கில் கப்பல் நிற்கும் கரையிலிருந்து படகில் சில நிமிடத்தில், ஆயிரக்கணக்கான அடி செங்குத்தாக இறங்கும் கடற்சுவர் வந்துவிடும். படகுகள் துறைக்குப் பக்கத்துக் கடற்கரையிலேயே வந்து ஏற்றிக்கொள்கின்றன. நேரம் குறைவாக உள்ளவருக்கு இதைவிட வசதியான ஆழ்சுவர் அரிது.

கிரெனடாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1961 அக்டோபரில் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்துக்கு வெளியே பியான்கா சி என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலில் எஞ்சின் அறை வெடித்துத் தீப்பிடித்தது. கிரெனடாக்காரர்கள் கையில் கிடைத்த படகுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஏறக்குறைய 700 பேரைக் காப்பாற்றினார்கள். நன்றிக்கடனாகக் கப்பல் நிறுவனம் கொடுத்த கிறிஸ்து சிலை இன்றும் துறைமுகக் கரையில் நிற்கிறது. 180 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். மேல்தளத்தைத்தான் எட்டிப் பார்க்கலாம். அதற்கும் உயர்நிலைச் சான்றிதழும் சமீபத்திய அனுபவமும் வேண்டும். புதியவர்களுக்கு அதே துறையிலிருந்து சிறிது தூரத்தில், மொலினியர் விரிகுடாவில், ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006-ல் அமைத்த கடலடிச் சிற்பப் பூங்கா இருக்கிறது. ஆழமில்லாத இடம், முதல் முறை இறங்குபவருக்கும் ஏற்றது.

பெலீஸுக்கு வருவோம். பெலீஸின் நீலக்குழி 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பவளத் தொடரின் பகுதி. சுமார் 300 மீட்டர் அகலம், 124 மீட்டர் ஆழம். படத்தைப் பார்த்த எவருக்கும் ஆசை வரும். ஆனால் அது பெலீஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. கப்பலோ கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். டெண்டருக்கே அரை மணி போகும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று படகில் கிளம்பினால் கப்பலைப் பிடிப்பது பெரும்பாடு. பெலீஸில் டைவ் செய்தே ஆக வேண்டும் என்றால், நீலக்குழியை மறந்துவிட்டு, கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் பக்கத்துப் பாறைக்குப் போவதுதான் அறிவு. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் உத்தரவாதம் உண்மையில் பயன்படும் துறை இது.

கப்பல் நிறுவனங்களுக்குச் சொந்தமான தனித்தீவுகளில் இந்தக் கேள்வியே எழாது. வெளிக் கடைகளுக்கு அங்கே இடமில்லை. டைவிங்குக்காகக் கப்பல் பயணம் போகிறவர் தேதியையும் விலையையும் பார்ப்பதற்கு முன் வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். தனித்தீவு இரண்டு, பெலீஸ் ஒன்று என்று வரும் பயணத்தில் சொந்த ஏற்பாட்டுக்கு வழி குறைவு.

இரண்டு கடிகாரங்கள்

கப்பலைத் தவறவிடுவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு: கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. கோசுமேல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டது. கோடைக்காக அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. புளோரிடாவில் தள்ளுவார்கள். ஆகவே கோடையில், மயாமி நேரத்தையே வைத்திருக்கும் கப்பலில் மணி 4 என்றால் தீவில் 3. ரொவாட்டானில் கோடையில் இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம் வரை போகும். கைப்பேசி உள்ளூர் கோபுரத்தைப் பிடித்ததும் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். அதைப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவர் துறைக்கு வரும்போது கப்பல் கிளம்பியிருக்கும். சில நிறுவனங்கள் துறைக்கேற்பக் கப்பல் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. முதல் நாள் இரவே அறைக்கு வரும் தினசரித் தாளில் அது இருக்கும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம், அதில் கப்பல் நேரம். இதுவே போதும். கடையோடு பேசும்போதும் கப்பல் நேரமா, தீவு நேரமா என்று எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

கோசுமேலில் ஒரு நல்ல நாளின் கணக்கு இப்படி இருக்கும். 8 மணிக்குக் கப்பல் கட்டப்படுகிறது. உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து பயணிகள் இறங்க 8.30. 9 மணிக்குப் படகு. 9.45-க்கு முதல் டைவ், ஆழமானது. ஒரு மணி நேரம் மேலே இளைப்பாறல். 11.45 வாக்கில் இரண்டாவது, ஆழம் குறைந்தது. 1.15-க்குக் கரை. எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் 4.30 என்றால் மூன்று மணி நேரம் கையில் மிச்சம். படகு எஞ்சின் மக்கர் செய்தாலும், டாக்சி கிடைக்காமல் போனாலும் சமாளிக்கலாம். அதே டைவை மதியம் 12.30-க்குத் தொடங்கினால் இந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். டெண்டர் துறைகளில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே துறைக்கு வந்துவிட வேண்டும்.

தவறிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. அமெரிக்கத் துறையில் தொடங்கி அங்கேயே முடியும் பயணங்களில் அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழைக் காட்டியே ஏற முடியும், பாஸ்போர்ட் கட்டாயமில்லை. ஆனால் தீவில் விடப்பட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணிப்பவருக்கு அமெரிக்கா திரும்ப செல்லுபடியாகும் விசாவும் தேவை. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகலும், தினசரித் தாளில் அச்சாகும் துறைமுக முகவரின் எண்ணும் நனையாத உறையில் கூடவே இருக்கட்டும்.

கடையோடு பேச வேண்டியவை

பதிவுக்கு முன் கடைக்கு அனுப்பும் கடிதத்தில் கப்பலின் பெயர், தேதி, வந்துசேரும் நேரம், எந்தத் துறை, கடைசியாக டைவ் செய்தது எப்போது, எந்தச் சான்றிதழ் ஆகியவை இருந்தால் போதும். கப்பல் பயணிகளோடு பழகிய கடை உடனே புரிந்துகொள்ளும். அது எங்கே வந்து ஏற்றிக்கொள்ளும், எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவிடும் என்று திட்டவட்டமாகப் பதில் வர வேண்டும். பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் போதாது.

கப்பல் வராமல் போனால் முன்பணம் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. காற்று, புயல், இயந்திரக் கோளாறு என்று வழித்தடம் மாறுவது கரீபியத்தில் சகஜம். கேமனிலும் பெலீஸிலும் இன்னும் சகஜம். நல்ல கடைகள் கப்பல் துறையைத் தவிர்த்தால் கட்டணம் வாங்குவதில்லை. இதை எழுத்தில் பெறாமல் முழுப் பணத்தையும் கட்டக் கூடாது.

மருத்துவப் படிவத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். உலகெங்கும் பெரும்பாலான கடைகளில் பயன்படுத்தும் படிவம் 2020-ல் திருத்தப்பட்டது. அதன் முதல் கேள்விகளில் ஒன்று வயது 45-க்கு மேலா என்பது. ஆம் என்றால் புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் பற்றிய துணைக் கேள்விகள் வரும். அவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் டாக்டரின் கையெழுத்து வேண்டும். தீவில், காலை 9 மணிக்கு, டாக்டரைத் தேட முடியாது. படகு அவரை விட்டுவிட்டுத்தான் போகும். பொய்யாக இல்லை என்று எழுதுவது அதைவிட மோசம். நீருக்குள் மாரடைப்பு வந்தால் அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை. வீட்டிலேயே படிவத்தைப் பதிவிறக்கி, தேவையானால் குடும்ப டாக்டரிடம் கையெழுத்து வாங்கி எடுத்துப்போக வேண்டும்.

சான்றிதழ் அட்டை உலகம் முழுக்கச் செல்லும். புதுச்சேரியிலோ அந்தமானிலோ வாங்கிய ஓப்பன் வாட்டர் அட்டை கோசுமேலிலும் செல்லுபடி. ஆனால் அது 18 மீட்டர் வரைக்கும்தான். 30 மீட்டருக்கு உயர்நிலைச் சான்றிதழ் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் நீரில் இறங்காதவர், வீட்டுப் பக்கத்து நீச்சல்குளத்தில் ஒரு பயிற்சியை முடித்துவிட்டு வருவது அவருக்கும் படகில் உள்ளவர்களுக்கும் நல்லது. கருவிகளில் முழுவதையும் சுமக்கத் தேவையில்லை. முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், மிதவைக் குழாய் ஆகிய மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். டைவிங் கத்தியைக் கப்பல் பாதுகாவலர்கள் வாங்கி வைத்துவிடக்கூடும். கோசுமேல் பூங்காவில் கத்திக்கு அனுமதியும் இல்லை.

உடம்பின் கணக்கு

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். வேகமாக வந்தாலோ, கரைந்தது அதிகமானாலோ குமிழிகளாகித் திசுக்களில் சிக்கும். மூட்டுவலி, கைகால் மரத்துப்போதல், காரணமில்லாத அசதி, தோலில் புள்ளிகள் போன்றவை அதன் அறிகுறிகள். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தலைகாட்டும். ஏறக்குறைய எல்லாமே 24 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். சிகிச்சை அழுத்த அறையில். கோசுமேலிலும், கிராண்ட் கேமனிலும், ரொவாட்டானிலும், பொனேரிலும் அந்த வசதி உண்டு. கப்பலின் மருத்துவ அறையில் ஆக்சிஜன் கொடுப்பார்கள். அழுத்த அறை இருக்காது.

கப்பல் பயணியின் நிலை மற்ற டைவரிடமிருந்து வேறுபடுவது இங்கேதான். தீவில் தங்கியிருப்பவருக்கு இரவு 8 மணிக்குக் கை மரத்தால் ஆம்புலன்ஸ் வரும். கப்பல் பயணி அந்நேரம் சிகிச்சை அறையிலிருந்து மணிக்கு மணி விலகிப் போய்க்கொண்டிருப்பார். நடுக்கடலில் ஹெலிகாப்டர் வரவழைப்பது கடினம், செலவு, சில சமயம் இயலாது. ஆகவே காலை டைவ் என்பது கடிகாரத்துக்காக மட்டும் சொல்வதல்ல. 1 மணிக்குக் கரையேறி, 5 மணிக்குக் கப்பல் கிளம்பினால், அறிகுறிகள் முதலில் தலைகாட்டும் நேரம் கரையிலேயே கழிகிறது. சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகலாம். அசதிதான், வெயில்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கப்பலேறிவிடுவதுதான் ஆபத்து.

தொடர்ந்து மூன்று துறைகளில் மூன்று நாள் இறங்குபவருக்கு ஒரே டைவ் கம்ப்யூட்டரை அணிவது அவசியம். நேற்றைய நைட்ரஜனையும் சேர்த்துக் கணக்குப்போட்டுச் சொல்ல அதனால்தான் முடியும். விமானம் ஏறுவதற்கான விதியும் தெளிவு. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரைப்படி, ஒரே ஒரு டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களுக்குப் பிறகு 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. கடைசித் துறைக்கும் மயாமிக்கும் இடையே ஒரு முழு நாள் கடலில் கழிந்தால் பிரச்சினை இல்லை. கடைசித் துறை பஹாமாஸின் நசாவ் ஆக இருந்து, மறுநாள் காலை விமானம் என்றால், முந்தின நாள் எத்தனை மணிக்கு நீரைவிட்டு ஏறினோம் என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் ஸ்கூபாவைச் சேர்ப்பதில்லை. டைவிங்குக்கென்று தனிக் காப்பீடு எடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மீட்பு விமானத்தின் செலவோடு பார்த்தால் மிகச் சிறிது.

பாறைக்குச் செய்ய வேண்டியது

2014-ல் புளோரிடாவில் முதலில் காணப்பட்ட கல்பவளத் திசு இழப்பு நோய் 2018-ல் மெக்சிகோவின் கரீபியக் கரையை எட்டியது. 2020-ல் கேமனுக்கும் ரொவாட்டானுக்கும் பரவியது. 2023-ல் பொனேரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மூளைப்பவளம் போன்ற பெரிய பவளங்கள் சில வாரங்களில் வெறும் வெள்ளைக் கூடாகிவிடுகின்றன. கோசுமேலில் 2019-ல் பலன்கார் உள்ளிட்ட தெற்குப் பாறைகளில் சிலவற்றைப் பூங்கா நிர்வாகம் சில காலம் மூடியே வைத்தது.

ஒரே வாரத்தில் மூன்று தீவுகளின் கடலில் அதே உடையோடும் அதே கருவியோடும் இறங்குபவர் கப்பல் டைவர் ஒருவர்தான். ஈரமான உடையைப் பையில் சுருட்டி வைத்து, மறுநாள் அடுத்த தீவில் அப்படியே மாட்டிக்கொள்வது நோயைச் சுமந்து செல்லும் வழியாகலாம். பல கடைகளில் கிருமிநாசினி கலந்த தொட்டி இருக்கும். கிளம்புமுன் கருவிகளை அதில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைப்பது அந்தப் பாறைகளுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. அமெரிக்க வர்ஜின் தீவுகளும், அருபாவும் 2020-லும், பொனேர் 2021-லும் பவளத்துக்குக் கெடுதல் செய்யும் சன்ஸ்கிரீன் வகைகளைத் தடை செய்தன. நீண்ட கை உடையே நல்ல தீர்வு. பொனேரிலும் கோசுமேல் பூங்காவிலும் கையுறை கூடாது. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடித்து நிற்கத் தோன்றும் என்பதே காரணம்.

கப்பல்களும் பாறைக்குக் கேடு செய்திருக்கின்றன. 2014 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனுக்கு எதிரே ஒரு சொகுசுக் கப்பலின் நங்கூரமும் சங்கிலியும் பெரும்பரப்பில் பவளத்தை நொறுக்கின. உடைந்த துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, மாதக்கணக்கில் நீருக்கடியில் வேலைசெய்து, மீண்டும் ஒட்டவைத்தவர்கள் அந்தத் தீவின் டைவர்களும் தன்னார்வலர்களும்தான். ரொவாட்டானில் 2005-ல் கடல் பூங்கா அமைப்பைத் தொடங்கியவர்களும் உள்ளூர் டைவிங் கடைக்காரர்களே. டைவர்கள் தரும் காசில் காவல் படகு ஓடுகிறது, படகுகளைக் கட்டி நிறுத்தும் மிதவைகளும் பராமரிக்கப்படுகின்றன. மிதவை இருந்தால் நங்கூரம் வேண்டாம். நங்கூரம் இல்லையென்றால் பவளம் பிழைக்கும். கடைக்கு நேரடியாகக் கொடுக்கும் பணம் அந்தக் கடலைக் காப்பவர்கள் கையிலேயே சேருகிறது. சொந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய காரணங்களில் மலிவைவிட இதுவே வலுவானது.

தீர்ப்பு

கப்பல் கரையிலேயே கட்டப்படும் கோசுமேலிலும், பொனேரிலும், கிராண்ட் டர்க்கிலும், கிரெனடாவிலும் அனுபவமுள்ள டைவர் தயங்காமல் நேரடியாகப் பதிவு செய்யலாம். ரொவாட்டானில் கடிகாரத்தையும் சாலையையும் கவனித்தால் போதும். கிராண்ட் கேமனில் படகு டைவுக்கு முதல் டெண்டரில் இறங்க முடிந்தால் மட்டும். முடியாவிட்டால் கரையிலிருந்து இறங்கும் ஈடன் ராக். பெலீஸில் கப்பலின் சுற்றுலாவையே வாங்க வேண்டும். முதன்முறை இறங்குபவரும், பல வருஷம் கழித்து இறங்குபவரும் முதல் துறையிலாவது கப்பலின் உத்தரவாதத்தோடு போவது நல்லது. எந்தத் துறையானாலும் காலையில் முதல் படகு, கையில் கப்பல் நேரம், வீட்டிலேயே நிரப்பிய மருத்துவப் படிவம், டைவிங் காப்பீடு, அலசிக் காயவைத்த கருவிகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் துறையில் டைவை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுங்கள்.